மீனுக்குள் வாழும் நுண் ஒட்டுண்ணியை வகைப்படுத்துவது எப்படி? ஸ்லைடிலிருந்து சிற்றினம் வரை

மீனின் செவுளில் வெள்ளையாக ஒரு சிறு கட்டி இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, ஒரு சொட்டு நீரில் நசுக்கி, நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரே வடிவில், ஏறக்குறைய ஒரே அளவில் ஆயிரக்கணக்கான துகள்கள் தெரிகின்றன. இவை என்ன? எந்தக் குழுவைச் சேர்ந்தவை? என்ன பெயர் சொல்வது? இதற்கு எந்த வரிசையில் விடை தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். விலங்கியல் மாணவர், மீன் நோய் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர், சொந்த ஆர்வத்தில் நுண்ணோக்கி வாங்கி வைத்திருப்பவர் என்று யாரும் இதைப் பின்பற்றலாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வடிவத்தை வைத்துப் பேரினம் வரை ஓரளவு தைரியமாகப் போகலாம். அதற்குக் கீழே சிற்றினத்தைச் சொல்ல வடிவம் மட்டும் போதாது. எந்த மீன், எந்த உறுப்பு, அந்த உறுப்பில் எந்தத் திசு, டி.என்.ஏ. என்ன காட்டுகிறது என்ற நான்கும் வேண்டும். புதியவர்கள் அவசரப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஸ்லைடு போடுவதற்கு முன்

மீன் எந்தச் சிற்றினம் என்பதை உறுதிசெய்து எழுதுங்கள். "ஏதோ ஒரு கெண்டை" என்று எழுதினால் பின்னால் எதற்கும் உதவாது. நீளம், பிடித்த நீர்நிலை, தேதி, நன்னீரா கடல்நீரா கழிமுகமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மீன் உயிரோடு இருந்ததா, இறந்து எவ்வளவு நேரம் ஆனது என்பதும் முக்கியம். தோலிலும் செவுளிலும் இருக்கும் அசையும் உயிரிகள் மீன் இறந்த சிறிது நேரத்திலேயே உதிர்ந்துவிடும் அல்லது அடையாளம் தெரியாமல் சிதைந்துவிடும். அதனால் "ஒன்றும் இல்லை" என்ற முடிவுக்குப் புது மீனைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

பார்க்கும் வரிசை: தோல் சளி, துடுப்பு, செவுள், பிறகு வயிற்றைத் திறந்து பித்தப்பை, சிறுநீரகம், சிறுநீர்ப்பை, குடல், கல்லீரல், கடைசியாகத் தசை, மூளை, தலையின் குருத்தெலும்பு. பித்தப்பையை ஓட்டை விழாமல் தனியாக எடுத்து ஒரு சிறு தட்டில் வைத்துத் திறப்பது நல்லது. பித்தநீர் மற்ற உறுப்புகள் மேல் கொட்டிவிட்டால், அதில் மிதந்த ஒட்டுண்ணி கல்லீரலில் இருந்ததாகக் குறிப்பு ஏறிவிடும். ஒவ்வோர் உறுப்புக்கும் கத்தரியையும் இடுக்கியையும் துடைத்துக் கழுவுங்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் விடாதீர்கள்.

முதல் கேள்வி: அது அசைகிறதா?

பெரும் குழுவைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய கேள்வி கிடையாது. உயிரோடு நீந்தும், ஊரும், சுழலும் ஒன்று கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் சிலியா உயிரி, கசையிழை (சாட்டை போன்ற நீண்ட இழை) உயிரி, அமீபா ஆகிய மூன்றில் ஒன்று.

உடல் முழுக்க மெல்லிய மயிர் போன்ற சிலியா, உள்ளே குதிரை லாட வடிவில் பெரிய உட்கரு, மெதுவாக உருண்டு நகரும் பெரிய உருண்டை என்றால் அது இக்தியோப்தீரியஸ். நன்னீர் மீன்களின் வெண்புள்ளி நோய்க்குக் காரணமானது. முதிர்ந்த நிலையில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வரை வளரும் என்பதால் கண்ணுக்கே தெரியும். கடல் மீன்களிலும் இதே மாதிரி வெண்புள்ளி வரும். அதை உண்டாக்குவது கிரிப்டோகேரியான். இரண்டும் ஒரே மாதிரி நோயைத் தருகின்றன, ஒரே மாதிரி வாழ்கின்றன. ஆனால் சிலியா உயிரிகளுக்குள் இரண்டும் வெவ்வேறு வகுப்பைச் சேர்ந்தவை. நோயின் பெயரை வைத்து ஒட்டுண்ணியை வகைப்படுத்தக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வட்டமாக, பக்கவாட்டில் தொப்பி வடிவில், நடுவில் பற்கள் கோத்த ஒரு வளையம் சுழல்வது தெரிந்தால் அது டிரைக்கோடினா குடும்பம். இதில் சிற்றினம் பிரிப்பது முழுக்க அந்தப் பற்களின் வடிவத்தையும் எண்ணிக்கையையும் நம்பியிருக்கிறது. உலர்ந்த பூச்சில் வெள்ளி நைட்ரேட் ஏற்றினால்தான் பற்கள் கறுத்துத் தெளிவாகத் தெரியும். சளியில் துடித்துத் துடித்துப் பறக்கும் மிகச் சிறிய அவரை விதை வடிவம் இக்தியோபோடோ என்ற கசையிழை உயிரியாக இருக்கலாம். குடலில் அம்பு மாதிரி பாயும் எட்டுக் கசையிழை உயிரிகள் ஹெக்சமிட்டா, ஸ்பைரோநியூக்ளியஸ் வகையறா. இரத்தத்தில் நெளிபவற்றில் டிரிப்பனோசோமாவுக்கு ஒரு கசையிழை, டிரிப்பனோபிளாஸ்மாவுக்கு இரண்டு.

இந்த அசையும் கூட்டத்தை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். அசையாமல் கிடக்கும் ஸ்போர்களில்தான், அதாவது அடுத்த உயிரைத் தொற்றக் காத்திருக்கும் துகள் நிலைகளில்தான், புதியவர்களுக்குக் குழப்பம் அதிகம். மீன் ஒட்டுண்ணி வகைப்பாட்டில் சுவையான பகுதியும் அதுதான்.

அசையாத துகள் என்றால்

முதலில் அது ஒட்டுண்ணிதானா என்று பாருங்கள். மீனின் சிவப்பணுக்கள் நம்முடையவை போல அல்ல. நீள்வட்டமாக, நடுவில் உட்கருவோடு இருக்கும். செவுளை நசுக்கினால் அவைதான் முதலில் கொட்டும். பல பேர் அவற்றையே "ஸ்போர்" என்று படம் எடுத்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். டயாட்டம், மகரந்தத் துகள், கொழுப்புத் துளி, காற்றுக் குமிழ் இவையும் ஏமாற்றும். சிவப்பணுவின் ஓரம் மென்மையாக இருக்கும், தள்ளினால் வளையும். ஸ்போரின் ஓரம் கூர்மையாகவும் ஒளியைச் சிதறடிப்பதாகவும் இருக்கும்.

ஸ்போர்தான் என்று தெரிந்தபின் அளவைப் பாருங்கள். 3 முதல் 6 மைக்ரான் அளவில் சிறிய முட்டை வடிவம், ஒரு முனையில் தெளிவான குமிழ், வேறு எதுவும் உள்ளே தெரியவில்லை என்றால் மைக்ரோஸ்போரிடியா. இவை பூஞ்சைகளுக்கு நெருங்கிய உறவினர். உள்ளே சுருண்ட குழாய் ஒன்று உண்டு, ஆனால் சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. குளுகியா, லோமா, பிளிஸ்டோஃபோரா போன்றவை இதில் வரும். குளுகியா தான் புகுந்த மீன் செல்லையே பூதாகரமாக வீங்க வைத்து, வெறும் கண்ணுக்குத் தெரியும் வெள்ளை உருண்டையாக்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால், கீழே வரப்போகும் மிக்சோஸ்போரியா என்ற குழுவின் கட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. நசுக்கித்தான் ஆக வேண்டும்.

உருண்டையான மெல்லிய உறைக்குள் நான்கு சிறு பொதிகள், ஒவ்வொரு பொதியிலும் இரண்டு வாழைப்பழ வடிவச் செல்கள் இருந்தால் அது காக்சிடியா. மீன்களில் ஐமீரியாவும் கௌசியாவும் பரவலாக உண்டு. உள்ளே ஒரே ஒரு பெரிய பளபளக்கும் உருண்டை கொண்ட வட்ட ஸ்போர் டெர்மோசிஸ்டிடியமாக இருக்கலாம். அது பூஞ்சைகளும் விலங்குகளும் பிரியும் கிளைக்கு அருகில் நிற்கும் ஒரு தனிக் குழு.

இவை எதுவும் இல்லாமல், 10 முதல் 20 மைக்ரான் அளவில் கெட்டியான ஓடு, உள்ளே துளி வடிவில் ஒன்றோ இரண்டோ நான்கோ பளபளக்கும் பைகள் தெரிகின்றனவா? அப்படியானால் நீங்கள் மிக்சோசோவாவுக்கு வந்துவிட்டீர்கள். அந்தப் பைகளுக்குப் போலார் காப்ஸ்யூல் என்று பெயர். இனி வெறும் காப்ஸ்யூல் என்றே எழுதுகிறேன்.

இது ஒரு விலங்கு

பெரிய நூல் அடுக்குகளில் இன்னும் மிக்சோசோவாவை ஒரு செல் உயிரிகளோடு வைத்திருக்கும் பழைய பாடநூல்கள் கிடைக்கும். அவற்றை நம்பி வகைப்பாடு எழுதினால் முதல் வரியே தப்பாகிவிடும். அதனால் கொஞ்சம் வரலாறு.

1881-ல் பியூட்ச்லி இவற்றுக்கு மிக்சோஸ்போரிடியா என்று பெயர் வைத்தார். ஒரு செல் உயிரி என்ற எண்ணம் அடுத்த நூறாண்டுக்கு மேல் நீடித்தது. ஆனால் ஒரு ஸ்போரைக் கவனித்துப் பார்த்தால் அதில் பல செல்கள் வேலை பிரித்துக்கொண்டிருப்பது தெரியும். ஓடுகளை உருவாக்கும் செல்கள், காப்ஸ்யூலை உருவாக்கும் செல்கள், உள்ளே மீனையோ புழுவையோ தொற்றப் போகும் ஸ்போரோபிளாசம். 1938-லேயே வெயில் என்பவர் காப்ஸ்யூலுக்குள் சுருண்டிருக்கும் இழையைப் பார்த்து, இது ஜெல்லி மீன், பவளம், ஹைட்ரா இவற்றின் கொட்டும் செல்லைப் போலவே இருக்கிறது என்று வாதிட்டார். பலரும் பொருட்படுத்தவில்லை. 1990-களில் மரபணு வரிசை வந்த பிறகுதான் மிக்சோசோவா விலங்குகள் என்பது உறுதியானது. 2007-ல் பட்டன்புரோக்கியா என்ற புழு வடிவ உயிரியின் பல புரத மரபணுக்களை ஆராய்ந்து, அது ஜெல்லி மீனும் பவளமும் அடங்கிய நிடேரியா தொகுதியில் சேர்வதைக் காட்டினார்கள். இப்போது வகைப்பாடு இப்படிப் போகும்: விலங்குலகம், நிடேரியா தொகுதி, அதற்குள் மிக்சோசோவா.

ஒட்டுண்ணி வாழ்க்கை எந்த அளவுக்கு உடலைக் கழித்துக் கட்டும் என்பதற்கும் இந்தக் கூட்டம்தான் உச்சம். சால்மன் தசையில் வாழும் ஹென்னெகுயா சால்மினிகோலாவில் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் தொகுதியே இல்லை என்று 2020-ல் கண்டறிந்தார்கள். ஆக்சிஜனைச் சுவாசிக்கும் இயந்திரத்தைத் தொலைத்துவிட்ட விலங்கு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

மிக்சோசோவாவில் இரண்டு வகுப்புகள். மலக்கோஸ்போரியா என்பது சின்ன வகுப்பு; 2000-ல்தான் அமைக்கப்பட்டது. இதன் ஸ்போருக்குக் கெட்டி ஓடு இல்லை. முதுகெலும்பற்ற ஓம்புயிரியாக (ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கும் உயிர்) நன்னீர்ப் பிரையோசோவா என்ற, கூட்டமாக ஒட்டி வாழும் சிறு விலங்குகளைப் பயன்படுத்தும். சால்மன் வகை மீன்களின் சிறுநீரகத்தை வீங்க வைக்கும் டெட்ராகாப்சுலாய்டஸ் பிரையோசால்மனே இதில்தான் வருகிறது. அது எந்தக் குழு என்று தெரியாமல் நீண்ட காலம் அந்த நோயின் பெயரோடு ஓர் எக்ஸ் எழுத்தைச் சேர்த்துத்தான் அழைத்தார்கள். மற்ற எல்லாம் மிக்சோஸ்போரியா வகுப்பு. கெட்டி ஓடு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள். உங்கள் ஸ்லைடில் இருப்பது ஏறக்குறைய நிச்சயமாக இதுதான்.

ஓடுகளை எண்ணுங்கள், அப்புறம் காப்ஸ்யூல்களை

இந்த வரிசையை மாற்றாதீர்கள். காப்ஸ்யூல் பளிச்சென்று தெரிவதால் எல்லோரும் அதைத்தான் முதலில் எண்ணுகிறார்கள். ஆனால் பெரும் பிரிவைத் தீர்மானிப்பது ஓடு.

ஸ்போரின் உறை, சிப்பியைப் போல, தனித்தனி ஓடுகள் விளிம்போடு விளிம்பு சேர்ந்து ஆனது. சேரும் இடத்தில் ஒரு பொருத்துக்கோடு தெரியும். இரண்டு ஓடுகள் இருந்தால் பைவால்வுலிடா வரிசை. மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் மல்டிவால்வுலிடா வரிசை. நான்கு காப்ஸ்யூல் உள்ள ஸ்போரைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓடு இரண்டு என்றால் அது குளோரோமிக்சம், பெரும்பாலும் பித்தப்பையில் இருக்கும். ஓடும் நான்கு என்றால் குடோவா, பெரும்பாலும் கடல் மீனின் தசையில். காப்ஸ்யூல் எண்ணிக்கை ஒன்றே, வரிசையே வேறு.

பொருத்துக்கோட்டைப் பார்க்க ஸ்போரைத் திருப்ப வேண்டும். கவர் ஸ்லிப்பின் ஓரத்தை ஊசியால் மெல்லத் தட்டினால் சில ஸ்போர்கள் உருளும். அகன்ற பக்கம் தெரிவது முன் தோற்றம், பொருத்துக்கோடு நடுவில் ஓடுவது தெரிந்தால் அது பொருத்துத் தோற்றம். இரண்டையும் படம் எடுக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். மெல்லிய அகார் படலம் தடவிய ஸ்லைடில் வைத்தால் ஸ்போர்கள் மிதக்காமல் ஒரே தளத்தில் படுத்துக்கொள்ளும். படம் எடுக்க மிகவும் வசதி. 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் இல்லாமல் இந்த வேலை நடக்காது. கட்ட வேறுபாட்டு (ஃபேஸ் கான்ட்ராஸ்ட்) வசதி இருந்தால் இன்னும் நல்லது.

பேரினங்களுக்கு ஒரு சிறு வழிகாட்டி

எல்லாப் பேரினத்தையும் இங்கே சொல்லப் போவதில்லை. அறுபதுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்க மாட்டீர்கள். அடிக்கடி வருபவை இவை.

இரண்டு ஓடு, முன் முனையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு காப்ஸ்யூல், முன்னாலிருந்து பார்த்தால் பொருத்துக்கோடு விளிம்பைச் சுற்றியே ஓடுகிறது: மிக்சோபோலஸ். பேரினங்களிலேயே மிகப் பெரியது; நூற்றுக்கணக்கான சிற்றினங்கள். நன்னீர் மீன்களின் செவுள், தோல், தசை, மூளை என்று எங்கும் கட்டி போடும். அதே உடலுக்குப் பின்னால் இரண்டு வால்கள் நீண்டிருந்தால் ஹென்னெகுயா. வால்கள் ஓட்டின் நீட்சிதான். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்று போலத் தெரிவது வழக்கம், ஏமாறாதீர்கள். ஒரே ஒரு காப்ஸ்யூல், கண்ணீர்த் துளி வடிவம் என்றால் தெலோஹனெல்லஸ்.

நீண்ட கதிர் வடிவம், இரு முனையிலும் ஒவ்வொரு காப்ஸ்யூல்: மிக்சிடியம். அதே மாதிரி, ஆனால் முனைகள் உருண்டு, காப்ஸ்யூலின் வாய் நுனியில் இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் திறந்தால் சோக்கெல்லா. இந்த இரண்டையும் பிரிப்பது அனுபவசாலிக்கே தலைவலி. காப்ஸ்யூலுக்குள் மெல்லிய இழைச் சுருளுக்குப் பதில் நாடா மாதிரி மடித்து வைத்த குட்டையான தடித்த இழை இருந்தால் ஸ்ஃபெரோமிக்சா, கடல் மீன்களின் பித்தப்பையில்.

உருண்டை வடிவம், இரண்டு காப்ஸ்யூலுக்கும் நடுவே பொருத்துக்கோடு போகிறது, சிறுநீரக நுண்குழாய்களில் கிடைத்தது: ஸ்ஃபெரோஸ்போரா. மிக்சோபோலஸோடு இதைக் குழப்பாமல் இருக்கப் பொருத்துக்கோட்டின் திசை ஒன்றுதான் வழி. மிக்சோபோலஸில் இரு காப்ஸ்யூலும் பொருத்துத் தளத்திலேயே கிடக்கும். ஸ்ஃபெரோஸ்போராவில் அந்தத் தளம் இரண்டையும் பிரிக்கும்.

பிறை வடிவம், கடல் மீனின் பித்தநீரில் மிதக்கிறது: செரட்டோமிக்சா. இதை அளக்கும்போது ஒரு விசித்திரம் உண்டு. நீளம் என்பது எப்போதும் காப்ஸ்யூல் இருக்கும் முன் முனையிலிருந்து பின் முனை வரை. செரட்டோமிக்சாவில் அது மிகக் குட்டை. இரு பக்கமும் கொம்பு போல நீண்டிருப்பது வகைப்பாட்டு மொழியில் தடிமன். கண்ணுக்கு நீளமாகத் தெரிவதை நீளம் என்று எழுதினால் உங்கள் எண்களை வேறு யாருடைய எண்களோடும் ஒப்பிட முடியாது.

மல்டிவால்வுலிடாவில் நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் குடோவா. மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் அல்லது வட்டம் கலந்த சதுரம். சில சிற்றினங்கள் மீன் இறந்த பிறகு தசையைக் கூழாக்கிவிடும். அதனால்தான் மீன் வணிகத்தில் இதன் பெயர் அடிபடுகிறது. மூன்று ஓடு, ஒரு பெரிய காப்ஸ்யூல், கூடவே வளராத இரண்டு குட்டிகள் என்றால் யூனிகாப்சுலா.

முன்பு ஐந்து, ஆறு, ஏழு காப்ஸ்யூல் உள்ளவற்றுக்குப் பென்டாகாப்சுலா, ஹெக்சாகாப்சுலா, செப்டெம்காப்சுலா என்று தனித்தனிப் பேரினங்கள் இருந்தன. 2004-ல் மரபணு வரிசையைப் பார்த்து எல்லாவற்றையும் குடோவாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். எண்ணிக்கை கூடுவதும் குறைவதும் அந்தக் கிளைக்குள்ளேயே நடந்திருக்கிறது. பழைய நூலில் அந்தப் பெயர்களைப் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள்.

உறுப்பைப் பற்றி எழுதும்போது

"செவுளில் இருந்தது" என்று எழுதினால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. செவுள் இழைக்குள் ஓடும் இரத்தக் குழாயிலா, இலை மடிப்பின் மேல்தோலிலா, செவுளைத் தாங்கும் குருத்தெலும்பிலா? ஒரே மீனின் ஒரே செவுளில் மூன்று மிக்சோபோலஸ் சிற்றினங்கள் மூன்று திசுக்களில் வாழலாம், ஸ்போரைப் பார்த்தால் மூன்றும் ஒன்று போலவே இருக்கலாம். இதற்குத் திசு வெட்டு வேண்டும். அதே மீனிலிருந்து ஒரு துண்டை 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் போட்டு வையுங்கள்.

சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் ஸ்போர்களைக் கண்டால் சற்றுச் சந்தேகப்படுங்கள். வேறெங்கோ உருவான ஸ்போர்களை மீனின் பாதுகாப்பு செல்கள் விழுங்கி, கறுப்பு நிறமித் திட்டுகளில் கொண்டுபோய்க் குவிப்பது உண்டு. அது ஒட்டுண்ணி வளர்ந்த இடம் அல்ல, அதைக் கொண்டுவந்து கொட்டிய இடம். ஸ்போர் உருவாகிக்கொண்டிருக்கும் பிளாஸ்மோடியம் நிலையையும் (பல உட்கருக்கள் கொண்ட வளர்ச்சி நிலை; மலேரியா ஒட்டுண்ணி அல்ல) கூடவே பார்த்தால்தான் இதுதான் அதன் வீடு என்று சொல்லலாம்.

அளப்பது

கண் லென்ஸ் அளவுகோலை மேடை மைக்ரோமீட்டரோடு ஒவ்வொரு பொருளருகு லென்ஸுக்கும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கேமரா மென்பொருளில் அளந்தாலும் இதே விதி. பிறகு புது ஸ்போர்களையே அளவிடுங்கள். ஃபார்மலினும் எத்தனாலும் ஸ்போரைச் சுருக்கிவிடும். சாயம் ஏற்றி உலர்த்தியது இன்னும் வேறு அளவு காட்டும். எந்த நிலையில் அளந்தீர்கள் என்று குறிப்பிடாத எண்ணுக்கு மதிப்பில்லை.

குறைந்தது 25 அல்லது 30 முதிர்ந்த ஸ்போர்கள். நீளம், அகலம், தடிமன், காப்ஸ்யூலின் நீளமும் அகலமும், உள்ளே இழை எத்தனை சுற்று, வால் இருந்தால் அதன் நீளம் தனியாக. சராசரி, விலகல், குறைந்தபட்சம், அதிகபட்சம் எல்லாம் எழுதுங்கள். முதிராத ஸ்போர் கூட்டத்தில் கலந்திருக்கும். காப்ஸ்யூல் மங்கலாக இருந்தாலோ உள்ளே இழைச் சுருள் தெரியாவிட்டாலோ அதை ஒதுக்குங்கள்.

சில எளிய சாயங்கள் உதவும். லூகோல் அயோடின் ஒரு சொட்டு விட்டால் பல மிக்சோபோலஸ், ஹென்னெகுயா ஸ்போர்களின் ஸ்போரோபிளாசத்தில் பழுப்பாக ஒரு குமிழ் தெரியும். அது கிளைக்கோஜன் சேமிப்பு. முன்பு அந்தக் குமிழ் இல்லாதவற்றை மிக்சோசோமா என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். ஒரே சிற்றினத்திலேயே அது இருக்கும், இல்லாமலும் போகும் என்று தெரிந்ததும் அந்தப் பேரினம் மிக்சோபோலஸில் கரைந்துவிட்டது. இந்திய மை கலந்து பார்த்தால் ஸ்போரைச் சுற்றிச் சளி உறை இருக்கிறதா என்பது கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகத் தெரியும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் இழையை வெளியே தள்ளவைக்கும். அதன் முழு நீளத்தையும் அப்போது அளக்கலாம். எல்லா ஸ்போரும் ஒத்துழைக்காது.

இன்னொரு ஸ்போர், இன்னொரு பெயர்

மீனில் கிடைக்கும் ஸ்போர் கதையின் பாதிதான். 1984-ல் வுல்ஃபும் மார்கிவும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையையே புரட்டிப் போட்டது. டிரவுட் குஞ்சுகளின் குருத்தெலும்பைத் தின்று அவற்றைச் சுழன்று சுழன்று நீந்த வைக்கும் மிக்சோபோலஸ் செரிப்ராலிஸை எடுத்துக்கொண்டார்கள். அதன் ஸ்போர் மீனிலிருந்து மீனுக்கு நேராகப் போகவில்லை. சேற்றில் வாழும் டியூபிஃபெக்ஸ் புழு அதை விழுங்க, புழுவின் குடலில் முற்றிலும் வேறு வடிவத்தில், மூன்று நீண்ட கைகள் கொண்ட இன்னொரு ஸ்போர் உருவாகி நீரில் மிதந்து மீனைத் தொற்றியது. அந்த மூன்று கை ஸ்போர் ஏற்கெனவே டிரையாக்டினோமிக்சான் என்ற பெயரில் வேறொரு வகுப்பில் பதிவாகியிருந்தது. ஒரே விலங்கின் இரண்டு நிலைகள் இரண்டு வகுப்புகளில்.

1994-ல் ஆக்டினோஸ்போரியா என்ற அந்த வகுப்பையே நீக்கலாம் என்ற முன்மொழிவு வந்து ஏற்கப்பட்டது. இப்போது டிரையாக்டினோமிக்சான், ராபேயா, ஆரான்டியாக்டினோமிக்சான் போன்ற பெயர்கள் பேரினப் பெயர்கள் அல்ல. புழுவில் உருவாகும் ஸ்போரின் வடிவ வகையைக் குறிக்கும் பொதுச் சொற்கள் மட்டும். புழுவில் ஒன்றைக் கண்டால் "டிரையாக்டினோமிக்சான் வகை" என்று எழுதுங்கள், அதற்குச் சிற்றினப் பெயர் சூட்டாதீர்கள். மீன் ஸ்போரோடு அதை இணைக்க டி.என்.ஏ. ஒப்பீடு வேண்டும். இரு நிலையும் தெரிந்த சிற்றினங்கள் மொத்தத்தில் மிகச் சிறு பங்குதான்.

எந்தப் புழு என்பதும் உறவைக் காட்டுகிறது. மிக்சோபோலஸ் கூட்டம் நன்னீரில் மண்புழு வகைப் புழுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கடல் கிளையில் உள்ளவை பலமயிர்ப் புழுக்களை நாடுகின்றன. ஸ்போர் வடிவத்தைவிட இது வம்சாவளியோடு நன்றாகப் பொருந்துகிறது.

டி.என்.ஏ. ஏன் கட்டாயம்

கட்டியின் பாதியை 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. பாழ். வழக்கமாகப் படிப்பது 18எஸ் ரிபோசோம் மரபணு. பொது முன்தொடரிகளை (பிரைமர்) பயன்படுத்தினால் மீனின் டி.என்.ஏ.வும் பெருகிவிடும் என்பதால் மிக்சோசோவாவுக்கென்றே உருவாக்கியவற்றை இரண்டாம் சுற்றில் சேர்ப்பது வழக்கம். முடிந்தவரை நீளமான வரிசையாக எடுங்கள். 500 எழுத்துத் துண்டு ஒன்று இரண்டு வெவ்வேறு சிற்றினங்களில் ஒன்றாக இருந்து, மாறுபடும் பகுதி அதற்கு வெளியே கிடப்பது சாதாரணம்.

"எத்தனை சதவீதம் வேறுபட்டால் தனிச் சிற்றினம்?" என்று எல்லோரும் கேட்பார்கள். எல்லாக் கிளைக்கும் பொருந்தும் ஓர் எல்லைக்கோடு கிடையாது. சிறு வேறுபாட்டோடு, ஓம்புயிரியும் திசுவும் அளவும் வேறாக இருந்தால் தனி என்று வாதிடலாம். மற்ற எல்லாம் ஒன்றாக இருந்து டி.என்.ஏ.வில் மட்டும் சிறு பிசிறு என்றால் அது சிற்றினத்துக்குள் இருக்கும் மாறுபாடாக இருக்கலாம்.

மரபணு மரம் வரைந்து பார்த்தால் உங்களுக்கு முதல் அதிர்ச்சி காத்திருக்கிறது. ஹென்னெகுயா எல்லாம் ஒரு கிளையாக வராது. மிக்சோபோலஸுக்கு நடுவே அங்கங்கே சிதறிக் கிடக்கும். வால் பலமுறை தனித்தனியாகத் தோன்றியோ மறைந்தோ இருக்கிறது. மிக்சிடியம், சோக்கெல்லா, குளோரோமிக்சம் எல்லாம் இதே கதை. சால்மன் குடலைத் தாக்கும் செரட்டோமிக்சா சாஸ்டா, தன் பெயரில் உள்ள கடல் பித்தப்பைக் கூட்டத்துக்கு உறவே இல்லை என்று தெரிந்து, 2014-ல் செரட்டோநோவா என்ற புதுப் பேரினத்துக்கு மாறியது. ஆக, பேரினப் பெயர் இன்றைக்கும் முக்கியமாக வடிவத்தைச் சொல்லும் பெயர். அதை வம்சப் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கருத்தில், இந்தப் பேரினங்களை எல்லாம் உடனே உடைத்துப் புதுப் பெயர் சூட்டுவதைவிட, குழப்பத்தோடு கொஞ்ச காலம் வாழ்வதே நல்லது. வரிசை படிக்கப்படாத பழைய சிற்றினங்கள் அவ்வளவு இருக்கின்றன.

ஒப்பிட்டுப் பெயர் சொல்வது

பட்டியலைக் குறுக்குவதற்கு ஓம்புயிரியில் தொடங்குங்கள். இதே மீன் சிற்றினத்தில், பிறகு இதே பேரினத்தில், பிறகு இதே குடும்பத்து மீன்களில் இதற்கு முன் விவரிக்கப்பட்டவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் உங்கள் அளவோடு நெருங்குபவற்றை ஓர் அட்டவணையில் போடுங்கள்: ஓம்புயிரி, திசு, நீர்நிலை, ஸ்போரின் அளவுகள், இழைச் சுற்று, டி.என்.ஏ. வரிசை உண்டா இல்லையா. பழைய விவரிப்புகளில் ஒரு வரிப் படமும் இரண்டு எண்ணும் மட்டுமே இருக்கும். அங்கே உறுதியான முடிவுக்கு வர முடியாவிட்டால் அப்படியே எழுதலாம்.

புதுச் சிற்றினம் என்று தோன்றினால் கடைசிச் சோதனை: வேறொரு தூர உறவு மீனில் பதிவான ஒரு சிற்றினத்தோடு டி.என்.ஏ. ஒத்துப்போகிறதா? பெரும்பாலான மிக்சோபோலஸ் சிற்றினங்கள் ஒரு மீனையோ நெருங்கிய சில மீன்களையோதான் தொற்றும். ஆனால் விதிவிலக்கு உண்டு.

புதிதாக அறிவிக்கும்போது வகைமாதிரி ஸ்லைடுகளை (அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரிகளை) ஓர் அருங்காட்சியகச் சேகரிப்பில் ஒப்படைத்து எண் வாங்குங்கள், டி.என்.ஏ. வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றி அதன் எண்ணையும் விவரிப்பில் சேருங்கள். எத்தனாலில் வைத்த மீதிக் கட்டிகளையும் அதே எண்ணில் முத்திரையிட்டு உறைபெட்டியில் வையுங்கள்.

புதிது என்று நிரூபிக்க முடியவில்லை, பழைய எதோடும் பொருந்தவும் இல்லை என்றால் பேரினப் பெயரை எழுதி, பக்கத்தில் "இனம் 1" என்று எண் போட்டு, அளவையும் படத்தையும் வரிசையையும் வெளியிடுங்கள். சிற்றினப் பெயர் இல்லாவிட்டாலும் அந்தப் பதிவை வேறொருவர் தன் ஸ்போரோடு ஒப்பிட முடியும்.